குழுக்கடன் வசூலுக்கும் நேரம் காலம் உண்டு

மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகள் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கிற குழுக்கடனில் டியூ நின்றுபோனால் ராத்திரி எட்டு மணிக்கு போன் போட்டுத் திட்ட யாருக்கும் உரிமை கிடையாது. காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் கூப்பிடுவதே தப்பு என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி போட்டுவிட்டது. ஆனால் வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றுகிற பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒன்று இருப்பதை யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று. லோன் கொடுக்கும்போது பத்து இடத்தில் கையெழுத்து வாங்கத் தெரிகிறது, இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

பணம் வாங்குகிற இடம்கூட இரண்டு பக்கமும் பேசி முடிவு செய்ததாக இருக்க வேண்டும். அந்த இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறையாவது வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை செய்கிற இடத்துக்கோ வரலாம். வந்தாலும் கெட்ட வார்த்தை, மிரட்டல், பேரைப் போட்டு அசிங்கப்படுத்துவது எதுவும் கூடாது.

எனக்கு வசூலுக்கு வருகிற பையன் மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை, அவனுக்கு டார்கெட். குழு என்கிற அந்த ஏற்பாட்டின் மேல்தான் கோபம். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற எல்லாரையும் சென்டரிலேயே, அதாவது தவணை கட்டக் குழு கூடுகிற இடத்திலேயே, உட்கார வைத்துவிடுவது, காசு வந்தால்தான் எழுந்து போகலாம் என்பது. உலை வைத்துவிட்டு வந்தவள், பிள்ளை ஸ்கூல் விட்டு வரும் நேரம் என்று தவிக்கிறவள், இவர்கள் எரிச்சலெல்லாம் யார் மேல் திரும்பும்? கடைசியில் பக்கத்து வீட்டுக்காரியே வாசலில் நின்று "இன்னாக்கா, உன்னால எங்களுக்கும் லோன் வராம பூடும்" என்று கத்துவாள், வசூல்காரர் தெருமுனையில் பைக்கில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பார். கேட்டால் நான் ஒரு வார்த்தை பேசலையே என்பார். கடன்காரரின் சொந்தக்காரர், நண்பர், கூட வேலை செய்கிறவர்களைத் தொல்லைப்படுத்துவதும் அடாவடி வசூல்தான் என்று அதே விதி சொல்கிறது. அப்படிப் பார்த்தால் மற்ற பெண்களை எழவிடாமல் உட்கார வைப்பதும் அதில்தான் வரும், என்னைக் கேட்டால்.

அப்புறம் இந்த 'போலீஸ் வரும், உள்ளே போவே' மிரட்டல். கடனைக் கட்ட முடியாமல் போவது மட்டும் குற்றம் ஆகாது, சிவில் விவகாரம். செக் கொடுத்து அது திரும்பினாலோ, பொய் ஆவணம் கொடுத்து ஏமாற்றியிருந்தாலோதான் கதை வேறு. வீட்டுச் சாமானைத் தூக்குவேன் என்கிறார்களே, கோர்ட்டே ஜப்தி செய்தாலும் சமையல் பாத்திரம், உடுத்தும் துணி, பாய் படுக்கை, தாலி இதையெல்லாம் தொட முடியாது. சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆவது பிரிவு. கோர்ட்டால் முடியாததை இவர்கள் செய்துவிடுவார்களாம்!

உள்ளூர் வட்டிக்காரர் என்றால் கந்துவட்டி, மீட்டர் வட்டிக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் இன்னொன்றும் வந்திருக்கிறது.

'வாங்கும்போது இனிச்சுதா' என்று கமெண்டில் கேட்க வருகிறவர்களுக்கு: கட்டத்தான் வேண்டும், யார் இல்லை என்றது? கட்டாவிட்டால் வட்டி ஏறும், சிபில் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கான கணக்கு) போகும், அடுத்த லோன் கிடைக்காது. அதுவே போதுமான தண்டனை. அபராதம்கூட நின்றுபோன தவணைக்குத்தான் போடலாம், மொத்தக் கடனுக்கும் இல்லை. லோன் அட்டையை எடுத்து ஒருமுறை சரிபாருங்கள்.

யாராவது வசூலுக்கு வந்தால் அடையாள அட்டையையும் கம்பெனி கொடுத்த அங்கீகாரக் கடிதத்தையும் கேளுங்கள். பேச்சை போனில் பதிவு செய்யுங்கள், தேதியும் நேரமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது மழுப்பல் பதில் என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், காசு கிடையாது, விவரம் கேட்க 14448. கை நீட்டினாலோ மிரட்டினாலோ அந்த 30 நாளெல்லாம் பார்க்க வேண்டாம், நேராக போலீஸ் ஸ்டேஷன். அங்கே மனு ரசீது கேட்டு வாங்குங்கள், சும்மா 'பார்க்கிறோம்மா' என்றால் நகராதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வக்கீல் உண்டு. வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போக முடியாதவர்கள் 15100-க்கு போன் செய்யலாம். போகும்போது லோன் அட்டை, ரசீதுகளோடு, சென்டரில் கூட உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தியையாவது சாட்சிக்கு அழைத்துப் போங்கள்.