கார்பன் நடைக்கோல் உடையவே உடையாதா?

பெங்களூரு தமிழர்களின் மலையேற்ற வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: ‘கார்பன் நடைக்கோல் உடையவே உடையாது, அலுமினியக் கோல் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். நீளம் உங்கள் உயரத்தில் பாதி இருந்தால் போதும்.’ இரண்டுமே தவறு.

கார்பன் இழையாலான கோல் எடை குறைவு, அதிர்வும் குறைவு; அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் வலிமை நீளவாக்கில்தான். கர்நாடகத்தின் குமார பர்வத மலையில் இறங்கும்போது கோலின் நுனி இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கி, உடல் பக்கவாட்டில் சாய்ந்தால், கார்பன் குழாய் முன்னறிவிப்பின்றிப் பட்டென்று முறியும். பாறையில் உரசி விழுந்த சிறு கீறல்கூடப் பின்னால் அதே இடத்தில் முறிவாகலாம். அலுமினியம் பெரும்பாலும் வளையும். வளைந்த கோலை ஊன்றியபடியே அடிவாரம் வரை வந்துவிடலாம். பல நாள் நடைக்கு, அதுவும் கற்கள் நிறைந்த பாதைக்கு, நான் அலுமினியத்தையே சொல்வேன். எடையைக் குறைத்தே தீர வேண்டும் என்பவர்கள் கார்பன் வாங்கலாம், கீறல் இருக்கிறதா என்று அவ்வப்போது தடவிப் பார்த்துக்கொள்ளட்டும்.

நீளக் கணக்கு இன்னும் மோசம். 170 செ.மீ. உயரமுள்ளவர் 85 செ.மீ. கோலுடன் நடந்தால் முதுகு கூனிவிடும். அவருக்குச் சுமார் 115 செ.மீ. வேண்டும். கடையிலேயே, மலைக்குப் போடும் காலணியுடன் நின்று கோலை ஊன்றுங்கள். முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும். நீண்ட ஏற்றத்தில் 5 முதல் 10 செ.மீ. குறைத்து, இறக்கத்தில் அதே அளவு கூட்டிக்கொள்ளுங்கள்.