சாக்கடையைப் பற்றி அங்கே பேசாமல் வேறு எங்கே பேசுவது?

நேற்று இரவு டிவி விவாதத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காலையிலிருந்து எங்கே பார்த்தாலும் அந்தத் துண்டு வீடியோதான். கவுன்சிலராக இருந்து எம்.பி. ஆனவர், மலக்குழியில் இறங்கிச் சாகிறவர்களைப் பற்றி மக்களவையில் பேசியதைப் போட்டுக் காட்டினார்கள். உடனே ஒருவர், "கவுன்சிலரை டெல்லிக்கு அனுப்பினா அங்கேயும் போய்ச் சாக்கடையைத்தான் பேசுவாங்க" என்றார். நெறியாளர் சிரித்தார். மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்த எம்.பி. எந்தக் கட்சி, அவருக்கு நான் ஓட்டுப் போடுவேனா என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எனக்குத் தாங்கவில்லை அந்தச் சிரிப்பு.

மனிதக் கழிவை மனிதரே அகற்றும் வேலையைத் தடைசெய்து 2013-இல் சட்டம் போட்டது எது? அதே நாடாளுமன்றம்தான். மலக்குழியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சம் ஆக்கியது. இத்தனைக்குப் பிறகும் சாவு நிற்கவில்லை. தான் போட்ட சட்டம் ஏன் வேலை செய்யவில்லை என்று அந்த அவையில் ஓர் உறுப்பினர் கேட்டால், அது வார்டு கூட்டத்துப் பேச்சா? சாக்கடையைப் பற்றி அங்கே பேசாமல் வேறு எங்கே பேசுவது?

வார்டில் வேலை பார்த்தவருக்கு இந்தச் சட்டம் தெருவில் எங்கே போய் முட்டி நிற்கிறது என்று தெரியும். குழிக்குள் இறங்குகிறவர் பெயர் நகராட்சிப் பதிவேட்டில் இருக்காது, ஒப்பந்ததாரரின் நோட்டில்கூட இருக்காது என்று தெரியும். 2014-இல் வந்த சாலையோர வியாபாரிகள் சட்டமும் அப்படித்தான். விற்பனைக் குழு, அடையாள அட்டை என்று தாளில் எல்லாம் இருக்கிறது. அட்டை வைத்திருக்கும் அம்மாவின் கூடையைத் தூக்கி வண்டியில் போடும்போது கூட நின்று சண்டை போட்டவருக்குத்தான் அந்தச் சட்டத்தில் எந்த வரி பலவீனம் என்று புரியும்.

"கவுன்சிலர் லெவல்" என்பது நம் ஊரில் எப்போது வசவுச் சொல் ஆனது? காமராஜர் 1941-இல் சிறையில் இருந்தபோது விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியே வந்ததும், முழுதாகக் கவனிக்க முடியாத பதவியில் இருக்கக்கூடாது என்று விலகினார். நகராட்சித் தலைவர் பதவியை அவர் அவ்வளவு பெரிதாக மதித்தார் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். பிறகு 1952-இல் மக்களவைக்குப் போனார். ராஜாஜி சேலம் நகராட்சியைப் பார்த்துக்கொண்டவர். பட்டேல் அகமதாபாத் நகராட்சித் தலைவராக இருந்தவர். இன்றைய குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 1997-இல் ஒடிசாவின் ராய்ரங்பூரில் கவுன்சிலராகத்தான் தொடங்கினார். இவர்களையும் பார்த்துச் சிரிப்பீர்களா?

சரி, என் கதைக்கு வருகிறேன். இந்தக் கோபத்துக்கு அதுதான் வேர். என் அம்மா 1996-இல் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் நின்று ஜெயித்தவர். விடியற்காலை ஐந்து மணிக்கே எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, முதியோர் பென்ஷன் நின்றுவிட்டது. பென்ஷன் தாலுகா ஆபீஸ் விஷயம், கவுன்சிலர் கையில் இல்லை. அதைச் சொல்லி அம்மா ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை, கூடவே நடந்து போவார். எல்லாவற்றையும் நீள நோட்டில் தேதி போட்டு எழுதிவைப்பார்.

"கவுன்சிலர்னாலே கமிஷன்தானே" என்று சிலர் கீழே எழுதத்தான் போகிறீர்கள். வாங்குகிறார்கள், மறுக்கவில்லை. வீட்டு வரைபட அனுமதிக்கு வாங்குகிறார்கள், குடிநீர் இணைப்புக்கு வாங்குகிறார்கள், பள்ளம் தோண்டினால் வந்து நிற்கிறார்கள். எனக்கும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. அப்படி வாங்குகிறவரைப் பிடியுங்கள், பதவியைப் பறியுங்கள். ஆனால் கோடிகளில் ஊழல் வழக்கைச் சந்தித்த பெரிய மனிதர்கள் டெல்லிக்குப் போனபோது, "இவர் லெவல் என்ன" என்று இதே ஸ்டுடியோவில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"பெண் கவுன்சிலர் என்றால் புருஷன்தான் ஆட்சி" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. அவ்வளவுதான்.

அப்புறம், கவுன்சிலர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை நம் நகரங்களில் கவுன்சிலரே கிடையாது, அதிகாரிகள்தான். சென்னையில் அதற்கு முன்பே 1973-லிருந்து 1996 வரை மாமன்றம் இல்லை. ஒரு தலைமுறையே கவுன்சிலர் முகம் பார்க்காமல் வளர்ந்தது. தட்டுவதற்கு ஒரு கதவுகூட இல்லாத அந்த ஆண்டுகளைப் பற்றி ஒரு நாள் விவாதம் வைத்தீர்களா?

உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது 1993-லேயே சட்டமாகிவிட்டது. தமிழ்நாட்டில் அதைப் பாதி என்று 2016-இல் உயர்த்தினார்கள். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் அதே மூன்றில் ஒரு பங்கைத் தர 2023 வரை ஆனது. அதிலும், தொகுதி மறுவரையறை முடிந்த பிறகுதான் என்று நிபந்தனை எழுதி வைத்தார்கள். வார்டு வரை வரலாம், மேலே மட்டும் ஏறக்கூடாது. ஐந்து வருடம் முடிந்ததும் அம்மா தன் கட்சியில் எம்.எல்.ஏ. சீட் கேட்டார். "வார்டோட நிறுத்திக்கம்மா" என்றார்கள். அப்போதும் இதே சிரிப்புத்தான். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை ஒன்றும் பேசாமல் நடந்தார்.

நேற்று அம்மாவும் அந்த விவாதத்தைப் பார்த்தார். சிரிப்பு கேட்டதும் டிவியை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் பழைய நோட்டை எடுத்து வந்தார். 1998-இல் எங்கள் வார்டில் ஒரு வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய இரண்டு பேரில் ஒருவர்தான் மேலே வந்தார். அன்று ராத்திரி முழுக்க அம்மா இறந்தவரின் மனைவியோடு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தார். மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். "அவர் நம் ஊழியர் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்தப் பக்கத்தில் அவர் பெயர், வயது, இரண்டு குழந்தைகளின் பெயர் எல்லாம் இருக்கின்றன. கீழே சிவப்பு மையில் "பணம் வரவில்லை" என்று எழுதி, அதற்கும் கீழே ஆறு தேதிகள். அம்மா அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்த நாட்கள் அவை.