படித்தால் ஆவி அவிந்துபோகுமாமே!

சனிக்கிழமை ராத்திரி காரைக்குடியில் நடந்த ஜெபக்கூட்டத்தில் என்ன நடந்தது என்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இந்நேரம் வாட்ஸப்பில் வீடியோ வந்திருக்கும். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

மதுரை அரசரடியில் இருக்கும் செமினரியில், அதாவது இறையியல் கல்லூரியில், படித்துவிட்டு வந்திருக்கும் நம் சபைத் தம்பியை எல்லாருக்கும் முன்னால் எழுப்பி நிறுத்தி, “செமினரிக்குப் போனால் ஆவி அவிந்துபோகும்” என்றாரே பிரசங்கம் பண்ண வந்த அந்த வெளியூர் ஊழியர், அவரைக்கூட விட்டுவிடலாம். பரிசுத்த ஆவியின் அனல் அணைந்துபோகுமாம். ‘ஆமென்’ போட்டுக் கை தட்டினார்களே நம்மவர்கள்! அதில் ஞானஸ்நானத்தில் அந்தப் பையனுக்கு ஞானப்பெற்றோராக நின்றவரும் ஒருவர்.

தேவனைப் பற்றி மேடையில் பேசுகிறவர் படித்துவிட்டுப் பேச வேண்டும். நான் சொல்வது இவ்வளவுதான். நம் பக்கத்தில் கல்யாணத்துக்குச் சமையல்காரரை அமர்த்துவதற்கு முன்னால் அவர் யாரிடம் வேலை பழகினார் என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். பிரசங்கியாரை மட்டும் போஸ்டரைப் பார்த்தே நம்பிவிடுகிறோம்.

அன்றைய செய்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். எரேமியா 29:11. “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” இந்த வருஷம் முடிவதற்குள் கடன் தீரும், வீடு கட்டுவீர்கள் என்றார். சரி, அதற்கு முந்தின வசனத்தில் என்ன இருக்கிறது? எழுபது வருஷம் பாபிலோனில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. அதாவது, அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலேயே சாகப்போகிறவர்கள். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவர் வருகிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் நின்று அடித்துச் சொன்னவர். அவரைக் கர்த்தர் அனுப்பவில்லை என்று எரேமியா முகத்துக்கு நேராகச் சொல்கிறார். நம் ஊழியர் எரேமியாவின் வசனத்தை எடுத்துக்கொண்டு அனனியாவின் பிரசங்கத்தைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்! காணிக்கையும் வாங்கிக்கொண்டு.

“பேதுரு எந்த செமினரியில் படித்தார்?” என்று கேட்பீர்கள். நான் எதிர்பார்த்ததுதான். மூன்று வருஷம் ராத்திரி பகலாக இயேசுவோடு நடந்து, கேள்வி கேட்டு, திட்டும் வாங்கிப் படித்தார். உங்களுக்கு அப்படி ஒரு வகுப்பு கிடைத்தால் சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். பவுல் கமாலியேலின் பாதத்தருகே வளர்ந்தவர். சிறையில் கிடந்து சாவை எதிர்பார்த்திருந்தபோதும், வரும்போது புஸ்தகங்களை எடுத்துக்கொண்டு வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதினவர். அந்தப் பவுலின் நிருபங்களைக் கல்லாதவர்களும் உறுதியில்லாதவர்களும் புரட்டுகிறார்கள் என்று எழுதியிருப்பது யார் தெரியுமா? நீங்கள் சாட்சிக்குக் கூப்பிடுகிற அதே பேதுரு. இரண்டாம் நிருபம், மூன்றாம் அதிகாரம்.

“எழுத்து கொல்லுகிறது” என்று பவுலின் வசனத்தைத் தூக்கிக்கொண்டு சிலர் வருவார்கள். அந்த வசனம் பழைய உடன்படிக்கையையும் புதிய உடன்படிக்கையையும் பற்றியது. புத்தகம் படிக்காதே என்று சொல்ல வந்ததல்ல. அப்புறம், படித்தவர்களிலும் விசுவாசம் இல்லாதவர்கள் இருக்கிறார்களாம். இருக்கட்டும். படிக்காதவர்களிலும் இருக்கிறார்கள்.

அந்த ஊழியர் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாரே ஒரு வேதாகமம், அது எப்படித் தமிழுக்கு வந்தது? 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு ஜெர்மனியில் ஹாலேயில் இறையியல் படித்தவர். இங்கே வந்து தமிழும் படித்துத்தான் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். 1871இல் வந்த ஹென்றி பவர் ஐயரின் மொழிபெயர்ப்பும் எபிரெயு, கிரேக்கம் தெரிந்தவர்கள் குழுவாக உட்கார்ந்து செய்த வேலை. ஆவி அவிந்துபோனவர்கள்!

கோபத்துக்கு வேறு காரணமும் இருக்கிறது. தேவகோட்டையில் இருக்கும் என் அக்காவின் மகன் பைக் விபத்தில் போனான். துக்கம் கேட்க வந்த ஒரு ஊழியர், “இந்த வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது” என்றார். பிள்ளையைப் புதைத்த மண்கூடக் காயவில்லை. அக்கா மறுவார்த்தை பேசவில்லை. அப்புறம் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். ஏன் வரவில்லை என்று விசாரித்தவர்களும் அந்தப் பாவம் என்னவாக இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தார்கள். பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்த யோபுவிடம் அவருடைய சிநேகிதர்கள் இதைத்தான் சொன்னார்கள், கடைசியில் கர்த்தர் அவர்களைக் கடிந்துகொண்டார். பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார் இயேசு. யோவான் ஒன்பதாம் அதிகாரம். இது தெரியாத ஒரு மனிதர் அக்காவைப் பத்து வருஷத்துக்கு மேல் வீட்டுக்குள் உட்காரவைத்தார்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்திருந்தபோது அவள் வீட்டுக்குப் போனவன் இந்தத் தம்பி. அறிவுரை சொல்லவில்லை. 88ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசித்தான். அதில் கடைசி வசனத்தில்கூட ஆறுதல் கிடையாது, புலம்பலாகவே முடியும். “இதெல்லாம் பைபிளில் இருக்கா?” என்று கேட்டாளாம் அக்கா. இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறாவது வருகிறாள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். அந்தப் பையனைத்தான் எழுப்பி நிறுத்திச் சிரித்தீர்கள்.

ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற பொம்பளைக்கு இவ்வளவு வாய் எதற்கு என்பார்கள், தெரியும். பரவாயில்லை. கமெண்டில் வசனம் போட வருகிறவர்கள் அதற்கு மேலே பத்து வசனமும் கீழே பத்து வசனமும் படித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.