"என்-12 குடுத்தாச் சரி" என்று சொல்லுற ஏஜென்ற்மாருக்கு

"வீட்டை விற்கப் போறம், ரெண்டு மாசத்தில எழும்புங்கோ" என்று வாடகைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி. ஸ்காபுறோவிலும் மார்க்கத்திலும் பிரம்டனிலும் எத்தனை வீட்டுக்காரர் இதை அனுப்பிவிட்டு நிம்மதியாகப் படுக்கிறார்கள்! கனடாவின் ஒன்ராறியோச் சட்டத்தில் அந்த வரிக்கு ஒரு சதப் பெறுமதி இல்லை. வீட்டை விற்பது, குடியிருக்கிறவரை எழுப்பக் காரணமே அல்ல. இதை லிஸ்ரிங் (வீட்டை விற்பனைக்குப் போடும் பொறுப்பு) எடுக்க வரும் ஏஜென்ற் சொல்ல மாட்டார். சொன்னால் லிஸ்ரிங் போய்விடுமே!

ஏஜென்ற்மார் சொல்லும் என்-12, வீட்டுக்காரரோ வீட்டை வாங்குகிறவரோ குடியேறுவதற்காக வாடகைக்காரரை எழும்பச் சொல்லும் சட்டப் படிவம். விற்பனையில் அதை எப்போது கொடுக்கலாம்? வாங்குகிறவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். அவரோ, அவருடைய துணையோ, பிள்ளையோ, பெற்றோரோ, அவர்களைப் பராமரிக்க வருபவரோ அங்கே உண்மையாகவே குடியிருக்க வேண்டும். கொன்டோ (தனித்தனியாக விற்கும் அடுக்குமாடி வீடு) அல்லாத கட்டடமென்றால் மூன்று குடியிருப்புக்கு மேல் இருக்கக் கூடாது. லிஸ்ரிங் போடும் அன்றே கொடுத்த என்-12 குப்பை.

அடுத்த கூத்து திகதி. ஒப்பந்தம் ஜூன் 10, என்-12 கொடுத்தது ஜூன் 12. "அறுபது நாள் என்றால் ஆகஸ்ட் 11 தானே" என்று குளோசிங்கை (வீடு கைமாறும் நாளை) ஆகஸ்ட் 15 என்று எழுதிவிடுகிறார்கள். அறுபது நாள் போனால் மட்டும் போதாது, வாடகைக் காலத்தின் கடைசி நாளில் முடிய வேண்டும். வாடகை முதலாம் திகதி என்றால் ஆகஸ்ட் 31. டிசம்பர் வரை லீஸ் எழுதியிருந்தால் டிசம்பருக்கு முன் பேச்சே இல்லை. அந்தத் திகதிக்குள் ஒரு மாத வாடகையை நட்டஈடாகக் கொடுத்தும் முடிக்க வேண்டும். அதை மறந்தவரின் வழக்கு வாடகைத் தீர்ப்பாயத்தில் நிற்காது.

அதற்குப் பிறகும் வாடகைக்காரர் எழும்பாவிட்டால்? எல்-2 என்ற வெளியேற்ற விண்ணப்பம் போட்டு, அந்தத் தீர்ப்பாயத்தில் விசாரணைக்கு மாதக்கணக்கில் காத்திருந்து, வெளியேற்ற ஓடர் எடுத்து, அதை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரிஃபைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பூட்டை மாற்றினால் நீங்கள்தான் குற்றவாளி.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். ஒப்பந்தத்தில் "வேக்கன்ற் பொசெஷன்" என்று ஒரு வரி இருக்கும். குளோசிங் அன்று வீடு வெறுமையாக இருக்கும் என்று நீங்கள் கொடுக்கும் வாக்கு. எழும்புவதா இல்லையா என்பது வாடகைக்காரர் கையில். வாக்கு மட்டும் உங்கள் கழுத்தில்! விலை ஏறிய காலத்தில் இது பெரிதாகக் கடிக்கவில்லை. பெப்ரவரி 2022 இல் ரொறன்ரோ பெரும்பாகத்தில் சராசரி விலை 1.33 மில்லியன். அப்போது வாங்குகிறவர் இரண்டு மாதம் பிந்தினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார், விட்டால் இன்னும் கூடக் கொடுக்க வேண்டுமே. அதே ஆண்டு மார்ச் தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்த மத்திய வங்கி வட்டி 2023 ஜூலையில் 5 வீதத்துக்குப் போனது, விலையும் இறங்கியது. வட்டி பிறகு குறைந்தும் அந்த உச்சம் திரும்பவில்லை. இறங்குகிற சந்தையில் வாங்குகிறவர் கையெழுத்திட்ட மறுநாளே பக்கத்து வீடு நாற்பதாயிரம் குறைவாக வந்ததைப் பார்க்கிறார். குளோசிங்குக்குக் கிட்ட வங்கியின் மதிப்பீடும் குறைந்து வருகிறது. அவருக்குத் தேவை வெளியேற ஒரு சாட்டு. வாடகைக்காரரின் சோபா இன்னும் ஹோலில் கிடப்பதுதான் அந்தச் சாட்டு. டெபாசிட்டைத் திருப்பிக் கேட்பார், லோயர் கடிதம் வரும், நீங்கள் இன்னும் இறங்கிய விலையில் முதலிலிருந்து தொடங்குவீர்கள்.

ஆகவே ஒப்பந்தம் எழுதும்போதே லோயரிடம் கொடுத்து, வாடகைக்காரர் எழும்பாவிட்டால் குளோசிங் எத்தனை நாள் தள்ளிப்போகும், அதற்கு மேலும் இழுத்தால் என்ன நடக்கும் என்று எழுதுவியுங்கோ. குளோசிங்குக்குத் தொண்ணூறு நாளுக்குக் குறைய வைக்காதேங்கோ. "நானே குடியிருப்பேன்" என்ற வாங்குகிறவரின் கையெழுத்தையும் அன்றே வாங்கி வையுங்கோ.

பேஸ்மென்ற் (நிலக்கீழ்த் தளம்) வாடகைக்கு விட்ட வீடுகளில் இன்னொரு கண்ணி. வாங்குகிறவர் மேலே தான் இருந்து, கீழே வேறு ஆளுக்கு வாடகைக்கு விடப் போகிறார் என்றால் கீழே இருப்பவருக்கு என்-12 செல்லாது. அந்தப் பகுதியே அவருக்குக் குடியிருக்கத் தேவை என்றிருக்க வேண்டும். இதை எத்தனை ஏஜென்ற் கேட்கிறார்கள்? ஓப்பன் ஹவுசுக்கு சமோசா எத்தனை என்றுதான் கேட்கிறார்கள்.

முதலீட்டுக்கு வாங்குகிறவருக்கு வீட்டை விற்கலாமே என்பார்கள். விற்கலாம், குடியிருப்பவரோடு சேர்த்து. ஆனால் 2018 நவம்பர் 15 அன்றோ அதற்கு முன்போ யாராவது குடியேறிய வீடென்றால் வாடகைக் கட்டுப்பாடு இருக்கிறது, 2025 இல் வாடகையைக் கூட்டக்கூடிய உச்சம் 2.5 வீதமாக இருந்தது. பழைய வாடகையில் மோட்கேஜ் (வீட்டுக் கடன்) கட்டுப்படியாகாத வீட்டை எந்த முதலீட்டாளர் நல்ல விலைக்கு எடுப்பார்?

வீடு காட்டுவதற்கு 24 மணி நேர எழுத்து அறிவித்தல், காலை 8 முதல் இரவு 8 வரைக்குள். வாடகைக்காரர் வெளியே போகவும் தேவையில்லை, சிங்கில் கிடக்கும் கோப்பையைக் கழுவவும் தேவையில்லை. அது அவர் வீடு.

சிலர் இன்னும் கெட்டிக்காரர்: "மகள் வந்து இருக்கப் போறாள்" என்று என்-12 கொடுத்து எழுப்பிவிட்டு, மூன்றாம் மாதம் லிஸ்ரிங். எழும்பி ஒரு வருடத்துக்குள் விற்பனைக்கு விளம்பரம் வந்தாலே கெட்ட நோக்கம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். மறுத்து நிரூபிப்பது உங்கள் வேலை. எழும்பியவர் ரி-5 என்ற முறைப்பாட்டைத் தீர்ப்பாயத்தில் போட்டால் பன்னிரண்டு மாத வாடகை வரை கொடுக்க வரும். குற்றமாக வழக்குப் போனால் தனி ஆளுக்கு அபராத உச்சம் 1 லட்சம் டொலர்.

ஒழுங்கான வழி ஒன்றுதான், அதைச் சொன்னால் எல்லாருக்கும் கோபம் வருகிறது: வாடகைக்காரருக்குக் காசு கொடுத்து எழும்பக் கேளுங்கோ. "என்ர வீட்டை விட்டுப் போக நான் ஏன் காசு குடுக்க வேணும்?" கணக்கைப் பாருங்கோ. மோட்கேஜ், வரி, கொன்டோ கட்டணம் சேர்த்து மாதம் 4,000, வாடகை 2,100 என்று வையுங்கோ. மாதம் 1,900 கையிலிருந்து போகிறது. ஆறு மாதம் இழுத்தால் 11,400. அதற்குள் 6 லட்சம் டொலர் கொன்டோ மூன்று வீதம் இறங்கினால் இன்னொரு 18,000. இதற்கு முன்னால் அவருக்குப் பத்தாயிரம் கொடுப்பது கௌரவக் குறைச்சலா?

லிஸ்ரிங்குக்கு முன்பே போய்க் கதையுங்கோ. புது வாடகைகள் இறங்கியிருக்கிற நேரமென்றால், அவருக்கும் வேறு இடம் தேட மனம் வரலாம். சம்மதித்தால், சம்மதத்தோடு வாடகையை முடிக்கும் படிவமான என்-11 இல் இருவரும் கையெழுத்து, தொகையும் திகதியும் தனித் தாளில். அவர் சொன்ன நாளில் போகாவிட்டால் எல்-3 விண்ணப்பம் போடுங்கோ, விசாரணை இல்லாமலே ஓடர் வரலாம். ஆனால் அந்தத் திகதி கடந்து முப்பது நாளுக்குள் போட வேண்டும். பாங்க் டிராஃப்ட் உங்கள் பையில் இருக்கட்டும். அறைகளையும் லொக்கரையும் திறந்து பார்த்து, சாவியும் கராஜ் ரிமோட்டும் கைக்கு வந்த பிறகு வெளியே எடுங்கோ.