மாணவரை அனுப்பினால் மட்டும் போதாது
வெளிநாட்டுக் கல்லூரிகளோடு ஒரு செமஸ்டர் மாணவர்களைப் பரிமாறிக்கொண்டாலே லிபரல் ஆர்ட்ஸ் கல்வி, அதாவது ஒரே துறையோடு நிற்காமல் பல துறைகளையும் படித்துக் கேள்வி கேட்கப் பழக்கும் கல்வி, இங்கே வேரூன்றிவிடும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. போகிற மாணவனுக்கு நல்லதுதான். ஆனால் அவன் திரும்பி வந்து உட்காரும் வகுப்பு பழைய வகுப்பாகவே இருக்கிறதே! கோலாலம்பூரில் நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு வரலாற்று ஆசிரியை ஓராண்டு வந்திருந்தார். பழைய ரப்பர் தோட்டத்துச் செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேட்டின் பக்கம் ஒன்றின் நகலைக் கொடுத்து, "இதை எழுதியவர் யார், எதை எழுதாமல் விட்டிருக்கிறார்?" என்று கேட்டார். "இது பரீட்சைக்கு வருமா மிஸ்?" என்று முதலில் கேட்ட பிள்ளைகள், அப்புறம் வீட்டில் தாத்தா பாட்டியிடம் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். அத்தனை பேரும் கணக்கியல் படிக்கிறவர்கள்! அவர் போன பிறகும் எங்களில் சிலர் அப்படித்தான் வகுப்பு நடத்துகிறோம். ஓர் ஆசிரியர் வந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழறிஞர் தனிநாயகம் அடிகளாரையே எடுத்துக்கொள்ளுங்கள்: இலங்கையில் பிறந்து, ரோமிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்து, 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராக வந்தார்; அவர் முயற்சியால் 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து சிங்கப்பூரில் நடத்திய யேல்-என்யூஎஸ் என்ற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்த அது 2025இல் மூடப்பட்டது உண்மைதான். அதற்காக இந்தக் கல்வியே நமக்கு ஒத்துவராது என்று முடிவுகட்ட வேண்டாம். புதிதாகக் கல்லூரி கட்டக்கூடத் தேவையில்லை. இருக்கிற கல்லூரிகளே ஓராண்டாவது தங்கிப் பாடம் நடத்தும் வெளிநாட்டு ஆசிரியர்களை வரவழைக்கட்டும், நம் விரிவுரையாளர்களையும் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பட்டும்.