இடைநிலை உயிரினம் கிடைக்கவில்லையா?

ஓர் உயிரின வகை இன்னொன்றாக மாறிய கட்டத்தைக் காட்டும் இடைநிலை உயிரினங்களின் புதைபடிவம் ஒன்றுகூடக் கிடைக்காததால், பரிணாமமும், உயிரினங்களைக் கடவுளே படைத்தார் என்னும் படைப்புக் கொள்கையும் சம தகுதி உடையவை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. மீன்களிலிருந்து நான்கு கால் விலங்குகள் தோன்றிய காலம் ஏறத்தாழத் தெரிந்திருந்ததால், அந்தக் காலத்துப் படிவுப் பாறைகள் எங்கே வெளிப்பட்டிருக்கின்றன என்று முன்கூட்டியே கணித்து, கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் பல ஆண்டுகள் தேடிய புதைபடிவ ஆய்வாளர் நீல் ஷூபின் குழுவினர், 2004-இல் டிக்டாலிக் என்னும் இடைநிலை உயிரினத்தின் புதைபடிவத்தைக் கண்டெடுத்தனர். சுமார் 37.5 கோடி ஆண்டுகள் பழமையான அந்த உயிரினத்துக்கு மீனைப் போலச் செதிலும் துடுப்பும் இருந்தன. ஆனால் தலையைத் தனியே திருப்ப உதவும் கழுத்தும், துடுப்புக்குள்ளே மணிக்கட்டை ஒத்த எலும்புகளும் இருந்தன. எங்கே தேடினால் எது கிடைக்கும் என்று இப்படிச் சொல்ல படைப்புக் கொள்கையில் வழியே இல்லை (அதன் ஆதரவாளர்கள் அப்படி முயன்றதாகவும் நான் அறியேன்).

ஒன்றையும் மறைக்க வேண்டியதில்லை. போலந்தில் கிடைத்த, டிக்டாலிக்கைவிடப் பழைய நான்கு கால் விலங்குகளின் காலடித் தடங்கள் 2010-இல் அறிவிக்கப்பட்ட பிறகு, டிக்டாலிக்கை அவ்விலங்குகளின் நேரடி மூதாதையாகக் கருதுவது கடினமாகி, நெருங்கிய உறவினம் என்று கொள்வதே பொருத்தமாயிற்று. அந்தத் தடங்களை வெளியிட்டவர்களும் புதைபடிவ ஆய்வாளர்களே.