"எவனுக்கோ" போகிற பள்ளிக்கூட வரி

டெக்சஸில் வீடு வாங்கிய நம்மவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டைத்தான் (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தி, அதற்குச் சொத்து வரியும் வசூலிக்கிற பள்ளி மாவட்டம்) பார்த்திருப்பார்கள். நானும் அப்படித்தான். சமையலறை சின்னது, மேற்கு வெயில் கொளுத்தும், பரவாயில்லை, பள்ளிக்குப் பத்துக்கு ஒன்பது என்று ஏதோ ஒரு இணையதளம் சொன்னது, கையெழுத்துப் போட்டுவிட்டோம். வருஷா வருஷம் சொத்து வரி ரசீது வரும்போது அதில் பெரிய பங்கு பள்ளி மாவட்டத்துக்குப் போவதைப் பார்த்தால் வயிறு எரியும்.

போன மாதம் ஒரு விருந்தில் நண்பர் ஒருவர் ராபின் ஹூட்டைத் திட்ட ஆரம்பித்தார். சொத்து மதிப்பு அதிகமுள்ள பள்ளி மாவட்டங்களிடமிருந்து வரிப்பணத்தில் ஒரு பகுதியை வாங்கி மற்ற மாவட்டங்களுக்குக் கொடுக்கும் 1993 சட்டத்துக்கு இங்கே அதுதான் பட்டப்பெயர். "நம்ம காசை எடுத்து எவனுக்கோ கொடுக்கிறான்" என்றார். அந்த "எவனுக்கோ" எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்த நீளமான பதிவு.

அமெரிக்க அரசியல் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே கிடையாது. பள்ளிக்கூடம் ஊர்க்காரர்கள் பாடு, அதுவும் நாடு பிறப்பதற்கு முன்பிருந்தே. 1647இல் மாசசூசெட்ஸில் ஒரு சட்டம் வந்தது. ஜனங்கள் வேதத்தைப் படிக்கவிடாமல் சாத்தான் தடுக்கிறான், ஆகவே ஐம்பது குடும்பம் இருக்கிற ஊர் ஒரு வாத்தியாரை வைக்க வேண்டும், நூறு குடும்பம் இருந்தால் இலக்கணப் பள்ளியே நடத்த வேண்டும் என்றது. செலவு ஊர் தலையில். இருநூறு வருஷம் கழித்து அதே மாசசூசெட்ஸில் கல்வி வாரியச் செயலாளராக 1837இல் வந்த ஹோரஸ் மன் போட்ட சண்டையும் பணச் சண்டைதான்: பிள்ளை இல்லாதவனும், பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறவனும்கூட ஊர்ப் பள்ளிக்கு வரி கட்டியாக வேண்டும். பெரிய மனுஷர்களுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கு முழுக்கப் பரவிவிட்டது. எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை உண்டு.

சரி, ஊர் என்றால் அதில் யார் யார்? அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணம் வந்து 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியும் மறு வருஷம் உடுவிலில் பெண்கள் பள்ளியும் தொடங்கினார்கள் என்று பெருமையாகச் சொல்வோம். அவர்கள் நாட்டிலேயே, வர்ஜீனியாவில், கறுப்பினத்தவர் கூடி எழுத்துப் படிப்பதை 1831இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அடிமைமுறை ஒழிந்த பிறகும் தெற்கில் கறுப்பினத்தவர் கட்டிய வரி பெரும்பாலும் வெள்ளையர் பள்ளிக்கே போனது. 1932 வரை இருபது வருஷத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று எழுந்த சுமார் ஐயாயிரம் ரோசன்வால்ட் பள்ளிகளுக்கு சிகாகோ வியாபாரி ஜூலியஸ் ரோசன்வால்ட் ஒரு பங்குதான் கொடுத்தார். வரி கட்டிய அதே ஏழை விவசாயிகள் மறுபடியும் காசு சேர்த்து, நிலம் கொடுத்து, மரம் அறுத்துக் கட்டியவை அவை.

வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி கதைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அங்கே ஃபார்ம்வில் ஊரில் கறுப்பின மாணவர்களுக்கென்று மோட்டன் உயர்நிலைப் பள்ளி. 180 பேருக்குக் கட்டியது, படித்தது நானூற்றுச் சொச்சம் பேர், மிச்சப் பேருக்குத் தார்த்தாள் ஒட்டிய கொட்டகை. 1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயசுப் பெண், தலைமையாசிரியரைப் பொய்யான போன் போட்டு வெளியே கிளப்பிவிட்டு, எல்லா மாணவர்களையும் அரங்கில் கூட்டி வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டாள். (பதினாறு வயசில் நான் டியூஷனுக்கு மட்டம் போடவே பயந்தவன்.) அவள் முதலில் கேட்டது நல்ல கட்டிடம், அவ்வளவுதான். அதுவே வழக்காகி, 1954இல் பிரவுன் தீர்ப்பில் அடங்கிய ஐந்து வழக்குகளில் ஒன்றானது.

இனம் பிரித்துப் பள்ளி நடத்தக் கூடாது என்று அந்தத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கவுண்டி என்ன செய்தது தெரியுமா? 1959இல் பள்ளிக்கு வரி வசூலிப்பதையே நிறுத்திவிட்டது. காசு இல்லை, அதனால் பொதுப் பள்ளி எதுவுமே இல்லை. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி, அதற்கு அரசு உதவித்தொகை வேறு. கறுப்பினப் பிள்ளைகளில் சிலர் வெளியூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள், பலர் சும்மா வீட்டில் இருந்தார்கள், ஐந்து வருஷம்! 1964இல்தான், தேவைப்பட்டால் வரி போடச் சொல்லியே உத்தரவிடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

அப்புறம் எங்கள் டெக்சஸ். சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் என்ற பள்ளி மாவட்டம், பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினர். 1968இல் டெமெட்ரியோ ராட்ரிகஸும் வேறு சில பெற்றோரும், பள்ளிக்குப் பணம் சேரும் இந்த முறை நியாயமில்லை என்று வழக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கைக் கேளுங்கள். எட்ஜ்வுட்டில் நூறு டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி, பக்கத்துப் பணக்கார ஆலமோ ஹைட்ஸில் 85 சென்ட். ஏழைகள் அதிக விகிதத்தில் கட்டியும் ஒரு மாணவருக்கு உள்ளூரில் சேர்ந்தது 26 டாலர், அங்கே 333 டாலர். சோம்பேறித்தனமில்லை, வரி போட அங்கே சொத்தே இல்லை.

1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார்கள். தீர்ப்பை எழுதியவர் லூயிஸ் பவல், பிரவுன் தீர்ப்பு வந்த காலத்தில் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் பள்ளி வாரியத் தலைவராக இருந்தவர். எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர் பிரவுன் வழக்கில் வாதாடிய தர்குட் மார்ஷல். உள்ளூர்க் கட்டுப்பாடு முக்கியம் என்றார் பவல். காசே இல்லாத ஊர் எதைக் கட்டுப்படுத்தும் என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை.

எட்ஜ்வுட் விடவில்லை. 1984இல் மாநில நீதிமன்றத்துக்குப் போனார்கள், 1989இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அவர்கள் பக்கம். சட்டமன்றம் இழுத்தடித்து இழுத்தடித்துக் கடைசியில் கொண்டுவந்ததுதான் நண்பர் திட்டிய ராபின் ஹூட்.

இதில் ஓட்டைகள் உண்டு, வாங்கும் பணம் முழுசாக ஏழைப் பள்ளிக்குத்தான் போகிறதா என்று சண்டை நடக்கிறது, அதைத் தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் "எவனுக்கோ" என்று சொன்னபோது நான் இதில் ஒரு வார்த்தைகூட அவரிடம் சொல்லவில்லை. தட்டில் பிரியாணி இருந்தது, என் வீடும் அவர் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. அடுத்த ரசீது அக்டோபரில் வரும். அப்போதும் வயிறு எரியத்தான் செய்யும், பொய் சொல்ல மாட்டேன்.